ஜோலின் வண்டிக்கு ஸ்டிக்கர்

மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை நார்சிஸ் மாமா வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பிப்ரவரி முழுக்க நாட்காட்டிப் பக்கம் பார்க்காமலே இருந்தேன்.

எங்கள் ஊர் வண்டிப் பதிவு அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். ஏரியெல்லாம் உறைந்துபோகும் எங்கள் வடக்கில் நம்பர் பிளேட் வெள்ளைக்கரடி வடிவத்தில் இருக்கும். பதிவைப் புதுப்பித்ததற்கு அடையாளமாக அதன் மூலையில் ஒட்ட, வருஷத்துக்கு ஒரு கலரில் சின்ன ஸ்டிக்கர் கொடுப்போம். மாமா தன் மகள் ஜோலினின் பிக்கப் வண்டிக்கு ஏழு வருஷமாக அதை வாங்கிப் போகிறார். அந்த வண்டி பெரிய ஏரியின் அடியில் கிடக்கிறது. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் வண்டிகள் ஓடும் பனிச்சாலை பிளந்து உள்ளே போனபோது ஜோலினும் அதற்குள் இருந்தாள். என் வகுப்புத் தோழி. மூன்று நாள் முங்கித் தேடியவர்கள் ஆழம் அதிகம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

மாமா ஸ்டிக்கரை வாங்கியதும் நேரே ஏரிக்குத்தான் போவார். பனியில் துளை போட்டு, இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஜனங்கள் எல்லோரும் தண்ணீருக்குக் காணிக்கை கொடுப்பது போல ஒரு சிட்டிகை புகையிலை போடுவார். கூடவே ஸ்டிக்கரையும் விடுவார். ஊரில் யாரும் இதற்காக அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

சட்டசபைக்கு இந்த வருஷம் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. ஸ்டிக்கரை ஒழித்துவிட்டார்கள். எல்லாம் கணினியிலேயே இருக்குமாம். ஓடாத வண்டியின் பிளேட்டைத் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் அது என்ன ஆயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தலைநகரத்தில் இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒருத்தருக்காவது எங்கள் ஏரி ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? அவர்களை மட்டும் சொல்லி என்ன? மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை அனுப்பச் சொன்னதும், ஒன்றை ஒளித்து வைக்கக்கூடத் தோன்றாமல் அத்தனையையும் கட்டி அனுப்பியவள் நான்தானே.

"என்னடி, மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்க?" என்றபடி மாமா உள்ளே வந்தார். "ஸ்டிக்கரக் குடு. இந்த வருஷம் என்ன கலரு?"

"கலரே இல்ல மாமா. ஸ்டிக்கரையே நிறுத்திட்டாங்க. சட்டம் மாறிடுச்சு."

"சும்மா வெளையாடாத. போலீஸ்காரன் அவளப் புடிச்சா நீயா வந்து ஜாமீன் எடுப்ப?"

வருஷா வருஷம் அவர் சொல்லும் கேலி இது. வருஷா வருஷம் நானும் சிரித்து வைப்பேன். இன்று முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்போ, இனிமே அவ எதுவும் ஒட்ட வேண்டாமா?"

"வேண்டாம் மாமா."

"அதுவும் நல்லதுதான். அவளுக்குக் கை சீக்கிரம் வெறச்சுப் போகும்."

சொல்லிவிட்டுக் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நான் எத எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போவேன், சொல்லு?"

படிவத்தை எடுத்து நீட்டினேன். பிளேட் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்த இடத்தில் நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

'பிளேட் வண்டியில் இருக்கிறது. வண்டி என் மகளிடம் இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

கணினி அதை ஏற்கவில்லை. திருடுபோனது, அழிந்தது, தொலைந்தது என்ற மூன்றில் ஒன்றைத்தான் அழுத்தியாக வேண்டும். ஏழு வருஷமாக அவர் வாயில் வராத 'தொலைந்தது' என்ற வார்த்தையை நான் அழுத்தினேன். ஜோலினின் பெயர் திரையிலிருந்து போய்விட்டது.