சின்னவளுக்கான நாலு பை

எனக்கு வாழ்நாளில் தலைவலி வந்ததே இல்லை. தலைவலி கொடுத்துத்தான் பழக்கம் என்பார் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிற மனுஷர், மாதம் ஒருமுறை வருகிறவருக்கே இந்த வாய். ஆனாலும் அந்த இருபது நாளும் எனக்குத் தலைவலி என்றுதான் என் ஓரகத்தி நம்பிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் பெண்டாட்டி அவள். வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். மாமனார் நிலத்தில் நடுவே கம்பிவேலி. இந்தப் பக்கம் என் பீன்ஸ், அந்தப் பக்கம் அவள் பீன்ஸ். கொழுந்தனுக்கு வெளியூரில் ஆலை வேலை. அங்கே வந்துவிடச் சொல்லி அவர் நச்சரிக்க, இந்த ஒரு போகம் பார்க்கிறேன், தேறாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சின்னவள் வாக்குக் கொடுத்திருந்தாள். போக அவளுக்கு மனசே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துமா செய்தாய் என்கிறீர்களா? வயிற்றெரிச்சல், வேறென்ன. நேற்றுக் கல்யாணமாகி வந்தவள் போன தடவை என்னைவிட நல்ல காய் பறித்தாள். பார்த்தவர்கள் எல்லாம் சின்னவளுக்குக் கைராசி, கைராசி என்றார்கள். ஏன், எனக்குக் கை இல்லையா?

விவசாய அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். பூச்சிக்காரர் என்போம். ஒரு நாள் அவர் எட்டுச் சின்னப் பைகளை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூக்கைத் துளைக்கிற தைல வாசனை.

"அசுவினிப் பூச்சி கடிச்சா செடி இந்த வாசனையைத்தான் விடும். அதுதான் செடி போடுற கூப்பாடு. பொறிவண்டு அதுக்குத்தான் வரும், வந்து அசுவினியைத் தின்னும். நாலு உங்களுக்கு, நாலு சின்னவங்களுக்கு. ஒரு பக்கமே கட்டிடாதீங்கம்மா, அந்தப் பக்கத்து வண்டெல்லாம் இங்க வந்துடும்."

பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். அவர் போனதும் எட்டையும் என் பக்கமே கட்டினேன், இலைக்குள் மறைவாக.

கட்டி முடித்துத் திரும்பினால் வேலியருகே சின்னவள்.

"என்னக்கா தைல வாசனை வருது? தலைவலியாக்கா?"

"ஆமாடி, மண்டையைப் பிளக்குது."

வாய்க்கு வந்த பொய். அது என்னை விடவே இல்லை. பைகளைத் தொட்டுத் தொட்டு என் மேல் எப்போதும் அந்த வாசனை. சாயங்காலம் தன் வேலை முடிந்ததும் சின்னவள் வருவாள். என் வீட்டைப் பெருக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள், என்னை உட்காரவைத்து நெற்றியில் தைலம் தேய்ப்பாள்.

என் கொடிகளில் பொறிவண்டுகள் சிவப்புச் சிவப்பாக மொய்த்தன. அவள் பக்கம் கொழுந்தெல்லாம் அசுவினி அப்பி, இலை சுருண்டது. அவள் செடிகளும் கூப்பாடு போட்டிருக்கும். என் எட்டுப் பைகளின் சத்தத்தில் எந்த வண்டுக்குக் கேட்கும்?

"என் பக்கம் ஒரு வண்டுகூட இல்லக்கா. என் கைக்கு என்னக்கா ஆச்சு?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே கையால்தான் என் நெற்றியைத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக்கு நாலைக் கழற்றி அந்தப் பக்கம் கட்டிவிடுவோம் என்று நினைப்பேன். விடிந்ததும் என் காயைப் பார்ப்பேன், மனசு மாறிவிடும். சீ, நானும் ஒரு மனுஷி.

இருபதாம் நாள் எனக்குப் பறிப்பு. "இந்தத் தலைவலியோட வெயில்ல போவீங்களாக்கா? பேசாம படுங்க, நான் பறிச்சிட்டு வர்றேன்" என்று கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பைகளைப் பார்த்துவிடுவாளே! எழுந்து ஓடினால் தலைவலி பொய்யென்று தெரிந்துவிடும். படுத்திருந்தாலும் குட்டு உடையும். கட்டிலில் புரண்டுகொண்டே கிடந்தேன்.

மதியம் மூன்று கூடை நிறையக் காயோடு வந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"அக்கா, இலைக்குள்ள பை பையா தொங்குதே, வண்டு வர்றதுக்காக்கா? ஒண்ணு அவுந்து கீழ கிடந்துச்சு. நல்லா இறுக்கிக் கட்டிட்டேன்." வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "என்னோடதுதான் போச்சு. காலைல அவருக்குப் போன் போட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். உங்களதாவது நல்லா வரட்டும்க்கா."

என் நெற்றியைத் தொட வந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தலைவலி இல்லடி. இருந்ததே இல்ல. அதுல நாலு பை உன்னோடது."

எல்லாவற்றையும் சொன்னேன், பூச்சிக்காரர் சொன்னது உட்பட. அழவும் செய்தேன். அழுகைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அவள் கையை உருவி முகர்ந்து பார்த்தாள்.

"அப்ப, நான் கட்டிட்டு வந்தது என்னோட பையா?"

குழாயடிக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே எட்டையும் அவள் பக்கம் கட்டினேன். ஆறாம் நாள் வண்டுகள் வந்தன. அதற்குள் கருகிய கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். தின்ன ஒன்றுமில்லாத வெறும் கம்புகளில் அவை மேலும் கீழும் ஊர்ந்தன.

கிளம்புகிற அன்று சாவியைக் கொடுக்க வந்தாள்.

"மழை வந்தா ஜன்னலைச் சாத்திடுங்க."

நான் வாசலிலேயே நின்றேன். மூச்சுக்கு முந்நூறு அக்கா போடுகிறவள். இன்னும் ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது, சொல்லாமல் போகமாட்டாள் என்று நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.