பூச்சி மருந்து

"எந்தப் பூச்சிக்கு மருந்தும்மா?" என்று கேட்டார் அலவி நானா.

பெரகலச் சந்தியில் இருந்த அவருடைய உரக் கடையில் கோவா, கரட் போடும் மரக்கறித் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் இராசமணிக்குக் காது சூடேறியது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வழி நெடுகச் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றுதான் வெளியே வந்தது.

"நாய்க்கு."

"கோவாவுக்கு இல்லயாம் நானா! பொண்ணு நாய்த் தோட்டம் போட்டிருக்கு போல" என்றான் ஒருவன். கடையே சிரித்தது. நானாவும் சிரித்தபடியே ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மலையேறினாள்.

தங்கச்சி தயானிக்கு வயிறு உப்பிக் கிடந்தது. தோட்டத்து டாக்டரையா இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் நாய் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "நாயின்ரை குடலிலை புழு இருந்தால் அதின்ரை முட்டை கழிவோடை மண்ணுக்கு வரும். பிள்ளை அந்த மண்ணை அளைஞ்சுபோட்டுக் கை கழுவாமல் சாப்பிடுது. பிள்ளைக்கு மட்டும் மருந்து குடுத்துப் பிரயோசனம் இல்லை. நாய்க்கும் பூச்சி மருந்து குடுக்கவேணும். கழிவை அள்ளிப் புதைக்கவும் வேணும்."

புதைக்கச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்பா மாரிசாமிக்கு ஒன்றுதான் விளங்கியது. "அப்ப நாயாலதான் வந்திருக்கு. இந்தச் சனிக்கெழமக்குள்ள சரியாகலன்னா சாக்குல கட்டி லொறில ஏத்திடுவேன்."

தயானி நாய் டொபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் கூச்சக்காரி இராசமணியைக் கடைவரை தள்ளியது.

பெட்டியில் சிங்களமும் இங்கிலீசும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தமிழில் ஒரு எழுத்து இல்லை. நாயின் படம் மட்டும் பெரிதாக இருந்தது. அவள் கருவாட்டுக் குழம்புச் சோற்றில் பொடியைப் போட்டுப் பிசைந்தாள். சீக்கிரம் சுகமாகட்டும் என்று கொஞ்சம் கூடவே போட்டாள். டொபி தட்டை வழித்து நக்கியது.

பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளி, கால்கள் வெட்டி வெட்டி இழுத்து, அது அடங்கிப் போனது.

சிங்களம் படித்த பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த ஸகீனா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "அடியே, இது உண்ணிக்கு ஒடம்பு மேல தூவுறது. வாயில படக் கூடாதுன்னு போட்டிருக்கே!"

"டாக்டரையா பூச்சி மருந்துன்னுதானே சொன்னாரு?" என்றாள் அம்மா.

"இதுவும் பூச்சி மருந்துதான்" என்றாள் ஸகீனா.

"விடு, ஒரு சாக்கு மிச்சம்" என்றார் அப்பா.

தேயிலை ஓரத்தில் இராசமணிதான் குழி வெட்டினாள். தயானி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அத வெரட்டக் கூடாதுன்னுதான் பாப்பா நான் போனேன்."

தயானி குனிந்து டொபியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.