இடது சீட்டின் எடை

பம்ப் ஹவுஸ் ஆபரேட்டரின் மனைவி இறந்த பதினேழாம் நாள், ஜீப்பின் இடது சீட்டில் அவள் எடை முப்பத்தெட்டு கிலோ இருந்தது. அடுத்த வருடம் அது நாற்பத்தொன்று ஆனது. இரண்டையும் எடுத்தவர் ஜீப் மெக்கானிக். ஊரில் அவருக்கு நூல் என்று பெயர். பட்டறைக் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; அது பிசகினால்கூட அவருக்குத் தூக்கம் வராது.

ஆபரேட்டரின் வீடு குன்றின் மேல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வழி மூன்று கிலோமீட்டரும் கல். எலும்பில் நோய் வந்த மனைவியைச் சிகிச்சைக்குக் கீழே கூட்டிவந்த அன்று, பாலத்து மேட்டில் ஜீப் தூக்கிப் போட்டது. "ஐயோ, கொஞ்சம் மெதுவா" என்றாள். அதற்கு மேல் மெதுவாகப் போக அந்த வண்டியால் ஆகாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகை அறையில் ஏழு மாதம் கிடந்தாள். இனி வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் இருவருக்கும் புரிந்தது. அவள் கேட்டது ஒன்றுதான், வலிக்காமல் வீடு போய்ச் சேர வேண்டும். ஆபரேட்டர் ஜீப்பை நூலிடம் விட்டு, பழைய பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு நீளமான சுருள் ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் போடச் சொன்னார்.

காலி வண்டியை வைத்து ஷாக் செட் பண்ணுகிற ஆள் இல்லை நூல். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அச்சை ஜாக்கியால் முழுக்க ஏற்றி ஒரு அளவு எடுப்பார், முழுக்கத் தொங்கவிட்டு ஒரு அளவு எடுப்பார், நடுவில் ஷாக்கின் தண்டு எங்கே நிற்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போடுவார். அதன் பிறகு யார் போகப் போகிறார்களோ அவர்களே வந்து அவரவர் சீட்டில் உட்கார வேண்டும். மணல் மூட்டையை ஒத்துக்கொள்ள மாட்டார், மூட்டை மூச்சு விடாதாம். ஆகவே அவள் இரண்டு நாள் ஆட்டோவில் வந்து, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு சக்கரங்களுக்கும் கீழே தராசு. அவள் ஏறினால் கூடுகிற எடையை நூல் சுவரில் எழுதினார்.

"ஏன் தம்பி, எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா, இல்ல வண்டிதான் பண்றியா?"

"ஜாக்கெட் இறுக்கிப் பிடிச்சா பிரிச்சுக்கலாம் அண்ணி. இது பிடிச்சா முதுகுல தெரியும்."

வேலை வியாழக்கிழமை முடிந்தது. அவள் புதன்கிழமையே இறந்திருந்தாள்.

ஆபரேட்டர் அழவில்லை. அடக்கிக்கொண்டார் என்றில்லை, ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், மகள் தட்டை வைத்தால் சாப்பிட்டார், வால்வைத் திறக்கும் நேரத்தில் திறந்தார். ஊருக்குத் தண்ணீர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பதினேழாம் நாள் பட்டறைக்குப் போய், இனி ஒரே ஆள்தான், அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிக் கொடு என்றார். நூல் அவரை உட்காரவைத்து எடை பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார், ஸ்பேர் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார், தராசுகளை இடம் மாற்றினார். மூன்று தடவையும் இடப்பக்கம், சுவரில் எழுதியிருந்த அதே முப்பத்தெட்டு கிலோ கூடுதலாகவே வந்தது.

"அண்ணே, சீட்டு காலியா இல்ல."

"சரி."

"மாத்தவா, வேணாமா?"

"ஆள் உக்காந்திருக்கும்போது எப்படி மாத்துறது? இருக்கட்டும்."

அப்போதும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். பாலத்து மேட்டில் மட்டும் நடை வேகத்துக்குக் குறைத்தார். அதுவே வழக்கமாகி, சைக்கிள்காரர்கள் அவரை முந்திக்கொண்டு போனார்கள். மகள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து வண்டியை விற்றுவிடலாம் என்பாள், ஏறும்போது யாரும் சொல்லாமலே பின்சீட்டில் போய் உட்காருவாள். இடப்பக்கம் வருடத்துக்கு ஒரு நூல் தாழ்ந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதோ என்று நூல் புதிது போட்டுப் பார்த்தார், அதுவும் தாழ்ந்தது. நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதி, ஷாக்கின் குமிழை ஒரு கிளிக் இறுக்கி அனுப்பினார்.

ஐந்தாம் வருடம் ஐம்பத்தேழு. ஆறாம் வருடமும் ஐம்பத்தேழு.

"நின்னுடுச்சு அண்ணே. இதுக்கு மேல ஏறல."

"நோய் வர்றதுக்கு முன்னாடி அவ அவ்வளவுதான் இருந்தா."

நூல் சுவரைப் பார்த்தார். "அப்ப அண்ணி தேறிட்டாங்க."

ஆபரேட்டர் பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம்தான். நூல் அதுவரை ஒரே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சுவரில் எண்ணை அழிக்க வேண்டியிருக்கவில்லை.

வால்வைத் திறக்க நேரமாகிவிட்டது. அன்று பாலத்து மேட்டில் ஆபரேட்டர் வேகத்தைக் குறைக்கவில்லை. இடப்பக்கம் ஒரு தடவை இறங்கியது, ஒரு தடவை ஏறியது, சமமாக நின்றது. பக்கத்திலிருந்து "ஐயோ" என்ற சத்தம் வரவில்லை. அவர் கியரை மாற்றி வீட்டுக்கு ஓட்டிப் போனார்.