சும்மா கட்சி, கேசட் கட்சி, வாய் திறக்காத அக்கா

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. முகம் இல்லை, ஊர் இல்லை, ஒரு குரல் மட்டும்: “அந்தத் திட்டுற அக்கா யாரு லா?”

எனக்குக் கதைகள் எப்போதும் இப்படித்தான். முதலில் பேச்சு காதில் விழும். பேசுகிறவர்களுக்குக் கைகால் அப்புறம்தான் முளைக்கும். சரி, அந்த அக்காவையே கதாநாயகி ஆக்குவோம், அவளே பதில் சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன். என் நேரம், அவள் கதை முழுக்க வாயே திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. பேச்சை வைத்தே பிழைக்கிற எனக்குப் பேசாத கதாநாயகி!

2

முதல் தொடக்கம்: 1999ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் வானத்தில் மேகங்கள் மெல்ல மெல்ல—

(வேண்டாம். மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆண்டும் கிழமையும் மட்டும் இருக்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: “வாயை மட்டும் திறந்துடாதே அக்கா. ஒரு வார்த்தை பேசினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க.”

இது தேவலை. சொல்கிறவன் விஜயன், கிள்ளான்காரன், ‘மூணாம் மாடி’ இசைக்குழுவின் பாடகன். துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒத்திகை பார்ப்பதால் அந்தப் பெயர். கேட்கிறவள் அவன் அக்கா புஷ்பவல்லி, சுங்கை வேயில் ஒரு ஃபேக்டரியில் ரேடியோவுக்குப் பாகம் பூட்டுகிறவள்.

“நம்ம ரசிகருங்க பிரிக்பீல்ட்ஸ் டீக்கடையில கூடுறாங்க அக்கா. நெட்ல சும்மா போட்ட பாட்டு வேணுமா, கேசட் போதுமான்னு ஒரே சண்டை. நெட்ல உள்ளதை அழிச்சாத்தான் ரெண்டாவது கேசட் போடுவேன்னு கேசட் கம்பெனிக்காரர் சொல்லிட்டார். நாளைக்கு நான் பதில் சொல்லணும். எந்தப் பக்கம் கை அதிகம்னு பார்த்துட்டு வா. அதான் என் பதில்.”

“நீயே போயேன்டா.”

“நான் போனா ரெண்டுமே நல்லாருக்குன்னு சொல்லிடுவாங்க லா!”

3

வாசகரே, ஒரு சங்கதி. அந்த நெட் பாட்டுக்குள்தான் புஷ்பவல்லி இருக்கிறாள்.

ஒத்திகையை அப்படியே பதிந்து நெட்டில் ஏற்றியிருந்தார்கள். ‘கடைசி பஸ்ஸும் போயிடுச்சு, கால் இருக்கு நடக்கலாம்’ என்று விஜயன் பாடும்போது, சோற்றுத் தூக்கோடு மாடி ஏறி வந்த அக்கா கத்துகிறாள்: “டேய், நடக்கலாம்னா கீழ இறங்கணும்டா! குரலை ஏன் மேல ஏத்துறே?” கத்திவிட்டு, அந்த வரியைத் தானே பாடிக் காட்டுகிறாள். ஒரே ஒரு வரி. அவள் பாட்டு உலகத்தில் பதிவாகியிருப்பது அங்கே மட்டும்தான்.*

* கேசட்டில் அவள் இல்லை. ஸ்டூடியோவுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. திருத்த ஆளில்லாமல் தம்பி பழையபடி மேலே ஏற்றியே பாடிவிட்டான். அந்தத் தப்புதான் கடைகளில் விற்கிறது.

நெட்டிலிருந்து அதையும் எடுத்துவிட்டால் அவளுடைய—

(இங்கே ஒரு சோக வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு அது ஒட்டாது. ஃபேக்டரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒரு வரியை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கு யாரோ கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்கள்.)

4

“என்ன குடிக்கிறீங்க அக்கா?” கடைக்காரர் கேட்டார். புஷ்பவல்லி பக்கத்து மேசையில் நுரைத்த தே தாரிக் டீயை விரலால் காட்டினாள். பிறகு தொண்டையைத் தொட்டு, கட்டிவிட்டது என்று கையை ஆட்டினாள்.

“காசு குடுத்து வாங்குறவன்தான் ரசிகன்,” என்று தொடங்கினார் கனகலிங்கம். ஷா ஆலமில் அரசாங்க உத்தியோகம், கேசட் கட்சித் தலைவர். சட்டைப்பையிலேயே கேசட்டோடு வந்திருந்தார். “சும்மா கேக்கிறவங்க எல்லாம் சும்மா வந்தவங்க.”

“சும்மாவாண்ணே?” ஸ்ரீ கெம்பாங்கான் சீதாலெட்சுமி பாய்ந்தாள். சும்மா கட்சிக்கு அவள்தான் வாய். “ஒரு பாட்டு இறங்க அரை மணி நேரம். முக்கால்வாசி இறங்கினதும் எங்கம்மா போனை எடுத்துடுவாங்க, நெட் லைன் கட்டாயிடும், எல்லாம் போச்சு, மறுபடி முதல்லேருந்து. காசு குடுக்கிறது சுலபம் லா!”

“கேசட்ல எவ்வளவு சுத்தமா இருக்கு! நெட்ல ஃபேன் சத்தம், லோரி சத்தம், பத்தாததுக்கு ஒரு பொம்பளை வந்து திட்டுது.”

“அவங்கதாண்ணே பாட்டே! அந்த இடம் வந்தா எங்க வீட்ல எல்லாரும் சேர்ந்து கத்துவோம். அந்தத் திட்டுற அக்கா யாரு லா?”

“யாரோ கீழ துணி வாங்க வந்தவங்க, வழி தெரியாம மாடி ஏறிட்டாங்க. அவங்களை எடுத்துவிட்டதுதான் கம்பெனி செஞ்ச நல்ல காரியம்.”

புஷ்பவல்லி தே தாரிக்கை மடக்கென்று குடித்தாள். நாக்கு வெந்தது. அதற்கும் சத்தம் போடவில்லை.

(கனகலிங்கத்தைக் கெட்டவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. கேசட்டைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வைக்கிற மனிதரை என்ன செய்ய?)

அந்தக் கேசட்டைச் சீதாலெட்சுமி வாங்கிப் புரட்டினாள். “என்னண்ணே, கவர்ல விஜயன் மூஞ்சி ஃபோட்டோஸ்டாட் எடுத்த மாதிரி கறுப்பா இருக்கு? எங்க வாங்கினீங்க?”

“பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில. ஏன்?”

கடையே சிரித்தது. “கள்ளக் கேசட்டுண்ணே இது! மூணாம் மாடிக்கு ஒரு காசு போகலை. நானாவது சும்மா எடுத்தேன். நீங்க காசு குடுத்துச் சும்மா எடுத்திருக்கீங்க!”

“நான் காசு குடுத்தேன் இல்லே?” என்றார் அவர், பாவம், குரல் இறங்கி.

5

கை தூக்கினார்கள். எண்ணினார்கள். சரிபாதி. எல்லாத் தலைகளும் புஷ்பவல்லி இருந்த ஓர மேசைக்குத் திரும்பின.

“அக்கா, நீங்க எந்தக் கட்சி?”

முடிவு ஒன்று: சும்மா கட்சிக்குக் கை தூக்குகிறாள். அவள் வரி பிழைக்கும், தம்பியின் இரண்டாவது கேசட் போய்விடும். (அவளால் முடியாது.)

முடிவு இரண்டு: கேசட் கட்சிக்குத் தூக்குகிறாள். தியாகம். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள், அவள் அந்தத் தே தாரிக் கிளாஸை என்மேல் எறிவாள்.

மூன்றாவதை யோசிப்பதற்குள் கனகலிங்கம் எழுந்துவிட்டார். “அக்கா, முடிவு சொல்றதுக்கு முன்னாடி கேசட்ல அந்த வரி எப்படி இருக்குன்னு கேளுங்க.” கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ‘கால் இருக்கு நடக்கலாம்.’ பாவி மனுஷர், ‘நடக்கலா’வை மேலே ஏற்றினார். இன்னும் ஏற்றினார். மின்விசிறி வரை ஏற்றினார்.

தம்பி சொல்லி அனுப்பியது புஷ்பவல்லிக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிளாஸை மேசையில் வைத்தாள். உதட்டைக் கடித்தாள். அவர் இன்னும் இறங்கவில்லை. மூச்சை இழுத்தாள். என்னவோ தோன்றி, சீதாலெட்சுமி அவள் முகத்தையே பார்க்கிறாள்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். அவள் குரல் என் காதில் கணீரென்று கேட்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் சீதாலெட்சுமிக்கும் உங்களுக்கும் உரியது. மேற்கோள் குறியைத் திறந்து வைக்கிறேன், மூடுவது உங்கள் பொறுப்பு. ஒன்று மட்டும், அந்த வரி வரும்போது கீழே இறக்கிப் பாடுங்கள்.

“