தகரத்துக்குக் கீழே ஒரு சாண்

எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில் தொழிலாளர் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசையாக இருக்கும். நடுச்சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி உண்டு. பின்வீட்டுச் சத்தம் அதன் வழியே ஏறி, சாய்ந்த தகரத்தில் மோதி, பக்கத்து வீட்டுச் சத்தம்போல இறங்கும். அன்று இது எனக்குத் தெரியாது. பின்வீடு நான்கு வருடம் பூட்டிக் கிடந்ததால், அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும் என்பதையே என் காது மறந்திருந்தது.

மண்சரிவு எச்சரிக்கையால் தோட்டத்தின் வேறு டிவிஷனிலிருந்து மத்தேயுவும் மனைவி இருதயம்மாவும் அந்தப் பின்வீட்டுக்குக் குடிவந்து மூன்றே நாள்.

ஞாயிறு மத்தியானம் விறகுக்கட்டை உடம்பில் விழும் சத்தம் கேட்டது. ஒரு பெண் அலறினாள். இடப்பக்கம், ஜொனி வீடு. குடித்தால் மனைவி கலாராணியோடு சண்டை போடுகிறவன்தான்.

"ஜொனி அவளைக் கொல்றான், வாங்க" என்று வாசலில் நின்று கூப்பிட்டேன். நான்கு பேர் வந்தார்கள். கதவை உடைத்தோம்.

ஜொனி பாயிலிருந்து எழுந்தான். கலாராணி பண்டாரவளைக்குப் போயிருப்பதாக ஏதோ சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. முதல் அடி என்னுடையது, இடது காதோடு சேர்த்து. விழுந்தவனை மற்றவர்கள் மிதித்தார்கள். பல் ஒன்று சிமெந்துத் தரையில் உருண்டது. காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது.

அப்போது அந்த அலறல் மறுபடியும் வந்தது. தலைக்கு மேலே, தகரத்திலிருந்து.

லயத்தைச் சுற்றிப் பின்வாசலுக்கு ஓடினோம். கதவு திறந்து கிடந்தது. இருதயம்மா அடுப்படியில் மண்டை பிளந்து, கை முறிந்து கிடந்தாள். உயிர் இருந்தது. விறகுக்கட்டை பக்கத்திலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னாள். கதவு உடையும் சத்தமும் நாங்கள் அடித்த சத்தமும் மேலிருந்து இறங்கியதும், ஆட்கள் தன் வாசலுக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்து மத்தேயு கட்டையைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் ஓடிவிட்டானாம். அவனையும் அதே தகரம்தான் ஏமாற்றியிருக்கிறது. ஜொனி வாங்கிய அடியில் அவள் பிழைத்தாள்.

ஜொனிக்கு இடது காது போய்விட்டது. சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மற்றதுக்குப் பிந்தியும் வந்து சேரும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. ஒற்றைக் காதுக்கு அந்தக் கணக்கு வராது.

போன வாரம் மலையின் மேலிருந்து அவனைக் கூப்பிட்டேன். பள்ளத்தைப் பார்த்துத் திரும்பினான். தேடித் தேடிக் கடைசியில் என்னைக் கண்டுபிடித்து மேலே ஏறி வந்தான்.

"என்ன குமாரண்ணே பாக்குறீங்க? ரெண்டு காதை வச்சிக்கிட்டு நீங்களே வீடு மாறி வந்தீங்க. என்னைய மட்டும் நேரா வரச் சொன்னா எப்புடி?"

சிரித்துக்கொண்டே வலது காதை என் பக்கம் திருப்பினான்.