மூக்கு வரை முளைத்த வேட்பாளர்

அரிசி கழுவிய தண்ணீரை அந்த மேட்டில் யாரும் சும்மா கொட்ட மாட்டார்கள். பெரு நாட்டு லிமா நகரத்தின் தெற்கு ஓரத்தில், வெறும் மணலும் பாறையுமாகக் கிடக்கும் மேடு அது. குழாய் கிடையாது. லாரி வந்தால் தண்ணீர். லாரிக்காரன் மனசு வைத்தால் லாரி. அதனால் பொதுச் சமையலறையில் பெரிய பானை அடுப்பில் ஏறியதும், தியோஃபிலா கழுவுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். அங்கே இரண்டு வரிசையாக உருளைக்கிழங்குச் சாக்குகள் நிற்கும். குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவள் மாதிரி, ஒவ்வொன்றின் வேரிலும் ஒரு குவளை ஊற்றுவாள்.

அந்தத் தோட்டத்துக்குச் செலவே கிடையாது. முளைவிட்டுப் போச்சு என்று சந்தையில் ஒதுக்கிய கிழங்குதான் விதை. மணலோடு கினிப்பன்றி எருவும் மட்கிய காய்த்தோலும் சேர்ந்தால் மண் தயார். சாக்கின் அடியில் ஓட்டை போட்டு, வாயைப் பாதிக்கு மேல் மடித்துவிட்டு நடுவாள். செடி உயர உயர மடிப்பை ஒரு சுற்று அவிழ்ப்பாள், மண் போடுவாள். நவம்பரில் சாக்கைக் கவிழ்த்தால் பானைக்குக் கிழங்கு. அந்த வருஷம் கிழங்கு விற்ற விலைக்கு, அது இல்லையென்றால் சூப்பில் தண்ணீரும் வெங்காயமும்தான் மிதக்கும்.

சாக்குதான் விவகாரம். மேயர் பதவிக்கு நிற்கிற இன்ஜினியர் சால்டிவார் பாண்டு வாத்தியத்தோடு வந்து கொடுத்துவிட்டுப் போன சாக்கு அது. ஒவ்வொன்றிலும் அச்சடித்த அவர் முகம். வாயை மடித்திருந்ததால் ஜூலையில் முகவாய் மட்டும் தெரிந்தது. ஆகஸ்டில் உதடு வந்தது. செப்டம்பரில் மூக்கு. பானையோடு சோற்றுக்கு நிற்கிறவர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. மூக்குத் துவாரத்தைப் பார்த்துவிட்டு, ஐயாவுக்குச் சளி போலிருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, அன்றைக்குப் பூரா சிரிப்பு.

சிரிக்காதவள் தெல்ஃபினா ஒருத்திதான். சமையலறைக்குத் தலைவி. தான் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பாள். மலையிலிருந்து மூட்டைகளுக்கு நடுவே லாரியில் உட்கார்ந்து இறங்கி வந்தவள் என்பது மேட்டுக்கே தெரியும். அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. மலைப் பாஷை வாயில் வந்துவிடக் கூடாது என்று கோபத்தில்கூட டி.வி. நாடகத்து ஸ்பானிஷில்தான் திட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இன்ஜினியரின் ஆள் பிரான்கோ வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஐயா தன் கையால் அறுவடை செய்வதைப் படம் பிடிக்க வேண்டுமாம். தெல்ஃபினாவோடு பின்பக்கம் போய்ப் பார்த்தவன் முகம் சுண்டிப் போச்சு.

"அக்கா, ஐயாவோட கண்ணு எங்க?"

"மடிப்புக்குள்ள இருக்கு தம்பி. செடி வளந்தா வரும்."

"எப்ப வரும்?"

"நவம்பர்ல."

"தேர்தல் அக்டோபர்லக்கா."

பிரான்கோ யோசித்தான். அவன் யோசித்தால் அடுத்தவனுக்குத்தான் கஷ்டம். முன்வரிசைச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, சாக்கை முழுசாக விரித்து மணலை நிரப்பி, சந்தைக் கிழங்கை உள்ளே புதைத்து, மேலே செடியைச் செருகிவிட்டால் போதும் என்றான். ஐயா முகமும் முழுசாகத் தெரியும், அறுவடையும் ஆகும். பதிலுக்குச் சமையலறைக்குத் தகரக் கூரை.

தெல்ஃபினா பேராசைக்காரி என்று சொல்லிவிட முடியாது. மூடுபனி இறங்கினால் ஓட்டைக் கூரை சொட்டி அடுப்பு அணைகிறது, அது நிஜம். ஆனால் மேடையில் மைக் உங்கள் கையில்தான் என்று பிரான்கோ சொன்னபோது அவள் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டதே, அதுவும் நிஜம்.

தியோஃபிலா குறுக்கே வந்து நின்றாள். "பூ விட்டிருக்கு. இப்பத்தான் கீழ பிஞ்சு கட்டுது. வயித்துப் பிள்ளைய வெளிய எடுத்து எடை போடுவாங்களா?"

"உனக்குக் கூரை வேணுமா வேணாமா?"

"கூரைக்குக் கீழ என்னத்தக்கா சமைப்ப?"

தெல்ஃபினா பிரான்கோ பக்கம் திரும்பி, கொட்டச் சொன்னாள். சனிக்கிழமை பிரான்கோவின் ஆட்கள் முன்வரிசையைக் கொட்டினார்கள். பட்டாணி அளவுப் பிஞ்சுகள் சரிவில் உருண்டன. மூன்று மாசம் பெண்கள் சுமந்த தண்ணீர் அரை மணியில் மணலோடு போச்சு. தடுக்க ஒருத்தரும் இல்லை. அடுத்தவன் கொல்லையில் கோழி திருடு போனால் மேடே கூடிவிடும். தங்கள் சோற்றையே ஒருவன் கொட்டும்போது கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஏனென்றால் கொட்டியவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்தார். கீழே வண்டியில் தகரம் பளபளத்தது. முன்வரிசையில் அவருடைய கண்கள் முழுசாகத் திறந்திருந்தன. செருகிய செடிகள் தலைதொங்கி நின்றன. அவர் மணலுக்குள் கைவிட்டு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு துளி மண் ஒட்டாத கிழங்கு. ஏழைகளின் உழைப்பு, பூமித்தாயின் கொடை என்று ஏதோ சொன்னார். பாண்டு ஊதியது. பக்கத்தில் மைக்கோடு தெல்ஃபினா.

அதோடு போயிருந்தால் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐயாவின் கண்ணில் பின்வரிசையின் ஊதாப்பூ பட்டது. பூவோடு எடுத்தால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று ஒரு செடியைக் கொத்தாகப் பிடுங்கினார். வேரில் நூல் நூலாகப் பிஞ்சு தொங்கியது.

"என்னய்யா இது, ஆட்டுப் புழுக்க மாதிரி இருக்கு" என்று சிரித்து, செடியைத் தரையில் போட்டு, சப்பாத்துக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஒரு பிஞ்சு அவர் காலடியில் நசுங்கியது.

மலைக்காரர்கள் கிழங்கை மிதிக்க மாட்டார்கள். தவறிக் கால் பட்டால் எடுத்து முத்தமிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். கேட்காவிட்டால் கிழங்கு அழும் என்பது அங்கே நம்பிக்கை. தெல்ஃபினா யோசித்துச் செய்யவில்லை. எல்லார் கண்ணெதிரிலும் குனிந்தாள். நசுங்கியதை எடுத்தாள், பாவாடையில் துடைத்தாள், உதட்டில் வைத்தாள். மலைப் பாஷையில் மன்னிப்புக் கேட்டாள். கையில் இருந்த மைக் அதை மேடு பூராவும் கொண்டு போச்சு. பாண்டுக்காரன் குழலை இறக்கினான்.

"அக்கா, கேமரா ஓடுது" என்று பல்லைக் கடித்தான் பிரான்கோ.

"ஓடட்டும் தம்பி."

ஐயா அவள் காதருகே குனிந்தார். "தகரம் வண்டில இருக்கும்மா. இறக்கச் சொல்லட்டுமா, வேணாமா?"

தெல்ஃபினா கூரையைப் பார்த்தாள். அப்புறம் பின்வரிசையைப் பார்த்தாள்.

"அப்படியே திருப்பி ஓட்டிட்டுப் போங்கய்யா. சொட்டுற கூரைக்குக் கீழ ஒக்காந்து திம்போம். திங்குறதுக்கு இத விட்டு வெச்சாப் போதும்."

ஐயா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். முகவாய், உதடு, மூக்கு எல்லாம் இருந்தது; சிரிப்புதான் வரவில்லை. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போக அவர்களுக்குத் தோன்றவில்லை.

தெல்ஃபினா கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். நாடகத்து ஸ்பானிஷ் எங்கோ போய்விட்டது.

"நேத்து முன்வரிசையக் கொட்டச் சொன்னது இந்த வாய்தான். அதுக்கு நீங்க என்னை என்ன வேணா கேக்கலாம். ஆனா நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க? ஏழைக்கு நல்லது பண்ண வர்றவன் கிழங்கு முத்துற வரைக்கும் காத்திருப்பான். பூவுலயே பிடுங்குறவன் படம் எடுக்க வந்தவன். அவன் சாக்கு கொடுத்தான், வாங்கிக்கிட்டோம், சரி. சாக்கு கொடுத்தவனுக்குச் சோத்தையும் எழுதிக் கொடுத்தோம் பாரு, தப்பு அங்கதான். நம்ம பசிய இன்னொருத்தன் விளம்பரத்துக்கு நாமளே வாடகைக்கு விட்டா, எத்தன மேயர் மாறினாலும் பானை காலியாத்தான் இருக்கும்."

யாரும் கைதட்டவில்லை. தட்டுகிற பேச்சு இல்லை அது. தியோஃபிலா மட்டும் தரையில் கிடந்த செடியை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள்.

"பேசினது போதும்க்கா. மண்ணு அள்ளிட்டு வா. வேரு காயறதுக்குள்ள வெச்சா பொழைச்சாலும் பொழைக்கும்."