அப்பாவின் பெயரில் ஒரு சான்றிதழ்

2021 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. விமான நிலையத்தின் புறப்பாட்டு முனையத்தில் இருந்த நாற்பது கவுன்ட்டர்களில் ஆறு மட்டும் திறந்திருந்தன.

ஆறாவது கவுன்ட்டரில் இருந்தவளுக்கு நாற்பத்தொரு வயது. அந்த விமான நிறுவனத்தில் பதினாறு வருட வேலை. முன்பெல்லாம் பெட்டியை எடை போட்டு, ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா என்று கேட்பதோடு முடிந்துவிடும். இப்போது காகிதம் பார்ப்பதே வேலை. பரிசோதனைச் சான்றிதழ் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அதிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தவறான ஆளை ஏற்றிவிட்டால் இறங்குகிற ஊரில் நிறுவனத்துக்கு அபராதம், ஏற்றியவருக்கு இங்கே விசாரணை. முகத்தில் மாஸ்க், அதன்மேல் பிளாஸ்டிக் தடுப்பு, அதற்கும் முன்னால் கவுன்ட்டர் கண்ணாடி. மூன்றையும் தாண்டிக் குரல் போக வேண்டும் என்று கத்திக் கத்தி, மாலைக்குள் தொண்டை கட்டிவிடும்.

அன்று காலை பதினொன்றரைக்கு ஐந்தாவது கவுன்ட்டர் பெண்ணுக்குத் தொற்று என்று முடிவு வந்தது. மற்ற ஐந்து பேரும் பத்து நாள் தனிமையில் இருக்க வேண்டும், யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, நிறுவனமே விடுதி அறை தரும் என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். இடைவெளி அளப்பதற்காகக் கையில் மரஸ்கேலோடு திரிவதால் அவருக்கு ஸ்கேல் என்றே பெயர்.

"இப்பவே கிளம்பணுமா சார்?" என்று கேட்டாள் அவள்.

"ஆறு மணிக்கு. ஷிஃப்ட் முடிஞ்சதும்."

"அதுவரைக்கும்?"

"வேலையைப் பாருங்க. மாத்தி விட ஆள் எங்க இருக்கு?"

"அப்ப கிருமிக்கும் டியூட்டி ஆறு மணிக்குத்தான் ஆரம்பம்."

ஸ்கேல் சிரிக்கவில்லை. மாஸ்க்குக்குள் சிரித்திருந்தால் தெரியவில்லை.

வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். எழுபத்தாறு வயது. ஏழு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடது கையும் காலும் போய்விட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவார். விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. பத்து நாள் அவரோடு யாராவது இருக்க வேண்டும். யாராவது என்றால் அண்ணன்தான். அவர் வீடு பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

பன்னிரண்டு மணிக்கு, கேன்டீன் படிக்கட்டில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"பத்தே பத்து நாள் அண்ணா. ஒண்ணு நீங்க வந்து இருங்க, இல்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. என்னை இன்னிக்கே ரூமுக்கு அனுப்பறாங்க."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? உங்க அண்ணிக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல் மாதிரி இருக்கு. இருமல் வேற. இந்த நிலைமைல வயசானவர் பக்கத்துல போலாமா, நீயே சொல்லு. நாங்க வாசப்படி தாண்டியே ஒரு வாரம் ஆச்சு."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுக்கணும், எடுக்கணும்."

அடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா சொன்னான்?"

"அண்ணிக்கு உடம்பு சரியில்லையாம்பா."

"டிவியில நாள் பூரா கை கழுவுங்க, கை கழுவுங்கன்னு சொல்றாங்க இல்ல? உங்க அண்ணன் சொன்ன பேச்சைக் கேக்கற புள்ளை," என்றார் அப்பா.

நான்கு மணிக்கு மேல் வார இறுதிக் கூட்டம் வரத் தொடங்கியது. வெளிநாட்டு நகரம் ஒன்றில் ஓட்டல்கள் காலியாகக் கிடந்தன. மூன்று இரவு, நான்கு பகல், போக வர டிக்கெட்டோடு பாதி விலை என்று நிறுவனம் ஒரு மாதமாக விளம்பரம் செய்திருந்தது. ஒரு வருடம் வீட்டுக்குள் கிடந்தவர்கள் புது உடுப்பும் புதுச் செருப்புமாக வந்தார்கள். தரையில் ஆறடிக்கு ஒன்றாக ஒட்டியிருந்த மஞ்சள் பாதத்தில் ஒழுங்காக நின்றார்கள். பெட்டியைத் தள்ளி முன்னால் நிற்பவரின் குதிகாலில் இடித்தார்கள்.

நாலு இருபதுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் தலையில் வைக்கோல் தொப்பி. அவள் நிமிர்ந்து பார்க்காமல், கண்ணாடிக்கு அடியில் வந்த காகிதங்களை எடுத்தாள். முதலில் இருந்தது சான்றிதழ். அதில் அப்பாவின் பெயர் இருந்தது.

வேறொன்றும் இல்லை, அப்பாவின் பெயர் மட்டும். ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்தாள். அண்ணனின் படம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர், அடுத்த கட்டத்தில் அண்ணனின் பெயர்.

நம் ஆட்கள் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் ஒரே ஒரு எழுத்தைப் போட்டுக் காலம் தள்ளியவர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தைக் காட்டியதும் அந்த எழுத்தை விரித்து அப்பாவின் முழுப் பெயரையும் அதில் எழுதிவிட்டோம். பரிசோதனைக்கூடத்துச் சான்றிதழில் பெயருக்கு ஒரே கட்டம்தான். அங்கே தட்டச்சு செய்கிறவர் பாஸ்போர்ட்டில் முதலில் இருப்பதை எடுத்து அதில் போட்டுவிடுவார். பிள்ளை அப்பாவாகிவிடுவார். தினமும் நடக்கிறதுதான். பயணி கேட்டால் மாற்ற மாட்டார்கள். கவுன்ட்டரிலிருந்து கேட்டால் இருபது நிமிடத்தில் திருத்தி அனுப்புவார்கள். அன்று மட்டும் அவள் மூன்று பேருக்காக அந்தக் கூடத்துக்குப் பேசியிருந்தாள். எண் மனப்பாடம்.

எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"கடந்த பதினாலு நாள்ல உங்களுக்கோ, வீட்ல யாருக்காவதோ காய்ச்சல், இருமல் இருந்துதா சார்?"

"சேச்சே. ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கோம்."

"காய்ச்சல் மாதிரி?"

அண்ணன் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். அண்ணிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஐயோ, உங்க தங்கச்சிங்க."

"நீ ரூமுக்குப் போயிட்டேன்னு இல்ல நெனச்சேன்," என்றார் அண்ணன்.

"ஆறு மணிக்குத்தான் சார்."

"சாரா?"

அண்ணி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். "தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு வருஷமா நாலு செவத்தையே பாத்துட்டு இருக்கோம். உங்க அண்ணன் தூங்கியே நாளாச்சு. மூணு நாள்தானே? திங்கக்கிழமை வந்ததும் அப்பாவைப் பாக்க மாட்டோமா?"

"வந்தா ஏழு நாள் வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது அண்ணி. உங்களுக்குப் பின்னால பெரிய எழுத்துல ஒட்டியிருக்கு."

"சரி விடு, பேப்பரைப் பாரு," என்றார் அண்ணன். "எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"பேர் வேற. இது அப்பா பேரு."

"அது என் சர்நேம்! உனக்குத் தெரியாதா? உனக்கும் அதே அப்பாதானே?"

"எனக்குத் தெரியும். அங்க இறங்கற இடத்துல இருக்கறவங்களுக்கு நம்ம அப்பாவைத் தெரியாது. இதுல இருக்கறபடி நோய் இல்லாதவர் அப்பாதான். வேணும்னா அவரைக் கூட்டிட்டு வாங்க, ஏத்தி விடறேன்."

அடுத்த மஞ்சள் பாதத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

"லேபுக்கு ஒரு போன் போட்டா மாத்திக் குடுக்க மாட்டானா?"

மணி நாலு இருபத்தைந்து. கவுன்ட்டர் மூடுவது ஐந்து பத்துக்கு.

"நேரம் இல்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். கண்ணாடிக்கு அப்பால் கேட்டதோ என்னவோ, இன்னொரு முறை சொன்னாள். "போகாதீங்கண்ணா. அப்பாகிட்ட போங்க. தனியா இருக்கார்."

"ஓ, இதுக்குத்தானா? ஏழு வருஷமா இதைச் சொல்லியே என்னைக் குத்திட்டு இருக்கே. அவர் வீட்ல நீதானே இருக்கே? அனுபவிக்கறது ஒருத்தர், பாத்துக்கறது இன்னொருத்தரா? வீடு உனக்கு, நோயாளி எனக்கா?"

சத்தம் கேட்டு ஸ்கேல் வந்தார்.

"என்ன பிரச்சினை?"

"பேர் ஒத்துப்போகல சார்."

"லேபுக்குப் பேசினீங்களா?"

"லைன் கிடைக்கல."

ஸ்கேல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார்."

"கேட்டியா?" என்றார் அண்ணன், அண்ணியைப் பார்த்து. "தெரியாதாம்."

"சாரி சார்," என்றார் ஸ்கேல். "அடுத்தவங்க வாங்க."

அண்ணிக்குத் தனிச் சான்றிதழ் இருந்தது. அதில் பெயர் சரியாகவே இருந்தது. அவள் தனியாகப் போக விரும்பவில்லை. இருவரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். விமானம் ஐந்து ஐம்பதுக்கு இரண்டு இருக்கை காலியாகப் புறப்பட்டது.

ஆறரைக்கு விடுதி அறையிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார். மறுநாளும் அதன் மறுநாளும் அப்படியே. அப்பாவைக் கேட்டபோது, "யாரும் வரல. நான் இருந்துக்கறேன், நீ பயப்படாதே," என்றார். கீழ் வீட்டுக்காரர் இரண்டு வேளை சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்து, மணியை அடித்துவிட்டு இறங்கிவிடுவார். உள்ளே வர அவருக்குப் பயம். அது நியாயமான பயம்.

ஆறாம் நாள் காலையில் அப்பா குளியலறையில் விழுந்தார். மதியம் வைத்த தட்டு மாலை வரை எடுக்காமல் இருந்ததைப் பார்த்துக் கீழ் வீட்டுக்காரர் கதவை உடைக்க ஆள் கூப்பிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்தை அவள் விடுதியிலிருந்து போனில் படமெடுத்து அனுப்பினாள்.

அண்ணன் நிறுவனத்துக்கு இரண்டு பக்கப் புகார் எழுதியிருந்தார். விசாரணைக்குழு தொலைபேசிப் பதிவை எடுத்துப் பார்த்தது. அன்று ஆறாவது கவுன்ட்டரிலிருந்து பரிசோதனைக்கூடத்துக்கு மூன்று அழைப்புகள் போயிருந்தன. நாலு இருபதுக்கு மேல் ஒன்றும் இல்லை.

"புகார் கொடுத்த பயணி உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

ஏப்ரல் ஒன்றாம் தேதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நிறுவனம் மன்னிப்புக் கடிதமும் மாற்றுப் பயணச்சீட்டும் கொடுத்தது. ஜூலை இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, அவர்கள் புறப்பட்டுப் போய் மூன்று இரவு தங்கித் திரும்பினார்கள். அப்பா பிறகு நடக்கவில்லை.